ஒட்டி வைத்த பூனை

2009ஆம் ஆண்டு மே மாதம். ரொறன்ரோவில், வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் சனிக்கிழமைக் காலைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எதைத் தொடங்கினாலும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று நிற்கிற ஆள் நான்.

நூலகங்கள் கழித்துவிடும் ஆங்கிலப் படப் புத்தகங்களை வாங்கி, தமிழ் வரிகளை அச்சடித்து வெட்டி, ஆங்கில வரிகளின் மேல் ஒட்டுவேன். அதிலும் பூனைப் புத்தகங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். பதினொன்று சேர்த்திருந்தேன். பூனையின் மீசையைச் சரியாக வரையாதவர்களை இன்றுவரை நான் மன்னித்ததில்லை.

அவற்றில் ஒன்றில், சாம்பல் பூனை ஒன்று வீட்டை விட்டுப் போய்விடும். ஒரு சிறுமி ஒவ்வொரு நாளும் கோப்பையில் பால் வைத்துக் காத்திருப்பாள். கடைசிப் படத்தில் பூனை திரும்பி வந்து அவள் மடியில் படுத்திருக்கும். வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி வாராவாரம் அந்தக் கதையைத்தான் கேட்பாள். அவளும் தாயும் கனடா வந்து ஒரு வருடம்தான். தகப்பன் இலங்கையில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் அகப்பட்டிருந்தார். மாசிக்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பே இல்லை என்று தாய் எனக்குச் சொல்லியிருந்தார்.

அந்த மாதம் பகலெல்லாம் நாங்கள் போரை நிறுத்தச் சொல்லிக் கத்தியபடி பதாகைகளோடு தெருவில் நின்றோம். ஒரு வெள்ளிக்கிழமை தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. அங்கே இவ்வளவும் நடக்கும்போது, போனதெல்லாம் திரும்பி வரும் என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்வதா? பசையை எடுத்து, பூனை திரும்பி வரும் இரண்டு பக்கங்களையும் முகத்துக்கு முகம் வைத்து ஒட்டிவிட்டேன். கதை இப்போது வெறும் கோப்பையோடு முடிந்தது. பெரிதாக எதையோ சாதித்துவிட்ட திருப்தி எனக்கு.

மறுநாள் வாசித்து, கோப்பையோடு நிறுத்தினேன்.

“பூனை வாறதெல்லே?” என்றாள் அவள்.

“இல்லையம்மா, வரேல்லை.”

“வந்தது. நான் கண்டனான். மடியிலை படுத்திருந்தது.”

“அது வேறை புத்தகம். நீங்கள் மாறி நினைக்கிறீங்கள்.”

அவள் எழுந்து வந்து, தடித்திருந்த பக்கத்தை விரலால் அமத்திப் பார்த்தாள். “உதுக்குள்ளை இருக்கு,” என்று மட்டும் சொன்னாள். நான் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

அடுத்த கிழமை போர் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இருக்கிறவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அந்தத் தாய் என்னை அழைத்தார்.

“தங்கச்சி, அந்தப் பூனைப் புத்தகத்தை என்ன செய்தனீங்கள்? இவள் வாசல் கதவைப் பூட்ட விடுறாளில்லை. கோப்பையிலை பால் ஊத்தி வெளியிலை வைக்கிறாள். பக்கத்து வீட்டு ஆக்கள் சண்டைக்கு வருகினம். ஒட்டினதெண்டா பிரிச்சுக் காட்டுங்கோ. என்னாலை இவளுக்குப் பதில் சொல்லேலாமக் கிடக்கு.”

நீராவி பிடித்துப் பார்த்தேன், கத்தி முனையால் நெம்பிப் பார்த்தேன். படம் பிய்ந்து வந்தது. இன்னொரு பிரதி தேடி பழைய புத்தகக் கடைகளெல்லாம் அலைந்தேன். எங்கும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை, தாயும் பக்கத்தில் நிற்க, அந்தக் கிழிந்த புத்தகத்தையே அவளிடம் கொடுத்தேன். “நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். பூனை வந்தது,” என்றேன். பூனையின் தலையும் சிறுமியின் மடியும் போய்விட்டிருந்தன. வெளிறிய தாளின் ஓரத்தில் சாம்பல் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மா, வால் கிடக்கு. அப்ப வந்திட்டுது தானே?”

“ஓம்,” என்றார் தாய். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கோடை தொடங்கியதும் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். தகப்பனுக்கு என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை. எனக்குத் துணிவு வரவில்லை. எங்கோ இருந்த ஆயிரக்கணக்கானோருக்காகத் தொண்டை கிழியக் கத்திய நான், என் முன்னால் சம்மணமிட்டு இருந்த ஒருத்தி யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதை மறந்துபோனேன். இப்போதும் புத்தகங்களில் தமிழ் வரிகளை ஒட்டுகிறேன். பசையைத் திறக்கும்போதெல்லாம், ஒரு பிள்ளை காத்திருக்கிற பக்கத்தை மூடிவிட எனக்கு யார் உரிமை தந்தது என்று அந்த வால் கேட்டுக்கொண்டே இருக்கிறது.