ஞாயிற்றுக்கிழமை வெயில்

எங்கள் பக்கம் ஜும்ஆ நாளான வெள்ளிதான் லீவு. நற்பிட்டிமுனையில் இருந்த என் சின்ன அரிசி மில்லும் வெள்ளிக்கிழமை மூடிக்கிடக்கும், ஞாயிறு மூச்சுவிடாமல் ஓடும். சனிக்கிழமை நாவிதன்வெளி வயல்களிலிருந்து வந்து இறங்கும் நெல் ஞாயிறு அந்திக்குள் அரிசியாகிவிட வேண்டும்.

கூரையில் சோலார் போட்டபோது ஊரே என்னைக் கெட்டிக்காரன் என்றது. நானும் நம்பினேன். கூரைக் கரண்ட் முழுவதும் ஒரு மீட்டர் வழியாக லைனுக்குப் போகும். மில்லுக்கு வேண்டியதை இன்னொரு மீட்டரில் கூடிய விலைக்கு வாங்குவேன். இரண்டு விலையுமே உச்சி வெயிலிலும் அந்தியிலும் மாறாது. அதிலிருந்த கோளாறு அப்போது எனக்கு உறைக்கவில்லை. சோலார் வருமானத்தை நம்பி நெல் குற்றும் கூலியைக் குறைத்தேன்.

பிறகு மின்சார சபையிலிருந்து போனில் செய்தி வந்தது. ஞாயிறு நாட்டில் கரண்ட் பாவனை குறைவாம், ஞாயிறுதோறும் பகலில் எல்லோரும் சோலாரை நிறுத்த வேண்டுமாம். நிறுத்தினேன். தலைக்கு மேலே வெயில் வீணாகக் கொளுத்த, கீழே என் மோட்டர்கள் கூடிய விலைக்கு வாங்கிய லைன் கரண்டை இழுத்து ஓடின. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

வயரிங் வேலை செய்யும் என் மச்சானிடம் கொட்டித் தீர்த்தேன். அவன் விளக்கினான்.

"பகல்ல கரண்ட் தேடுவாரில்லாமக் கிடக்கு மச்சான். மஹ்ரிபோட, பொழுதுபட்டா, எண்ணெய் எரிச்சுக் கரண்ட் எடுக்கிற மெஷின் ஓடுது, அந்தச் செலவு எல்லார்ர தலையிலயும் விழுது. நேரத்துக்கேத்த மாதிரி விலை மாறினா, ஞாயிறு உச்சில உனக்கு மலிவாக் கிடைக்கும். விலை கதைக்காத இடத்துல கட்டளைதான் கதைக்கும்."

சபையின் தலைமை அலுவலகத்துக்கு போன் எடுத்து, எங்களுக்கு ஞாயிறு வேலைநாள் என்றேன். ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விடவேண்டி வரும் என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

சோலார் வருமானம் குறைய, கூலியைக் கூட்டினேன். நெல் பெரிய மில்களுக்குப் போனது. ஆறே மாதத்தில் மில்லை மூடவேண்டி வந்தது. ஒரு வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு, வழக்கமாகக் கொடுக்கும் குறுணல் அரிசியைக் கொடுத்து, அரிசி புடைக்கும் ஆறு பெண்களையும் இனி வரவேண்டாம் என்றேன். அவர்களில் ஒருத்தியின் புருஷன் பாயோடு கிடப்பவன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கூரை மட்டும் இன்னும் உழைக்கிறது. அடுத்த ஞாயிறு காலை சோலாரை நிறுத்தப் போனேன். மில் கதவு திறந்திருப்பதைக் கண்டு அதே பெண் புடைக்கும் சுளகோடு ஓடிவந்தாள்.

"காக்கா, மில்லத் தொறந்திட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி, நிப்பாட்டத்தான் வந்தன்."