மைனர் தொடுத்த தகராறு

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் பத்தொன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் காலமானதும் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். அதன்பிறகு கிடைத்ததுதான் ஆன்லைனில் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றின் தகராறு பிரிவு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். தமிழில் வரும் புகார்களெல்லாம் என்னிடம் வரும். அவற்றை டிக்கெட் என்போம். வாங்கியவர், விற்றவர் இருவரும் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். சமாதானம் ஆகாவிட்டால் ஆர்பிட்ரேஷன். நடுவர் ஒருவர் வீடியோவில் விசாரித்து முடிவு சொல்வார்.

நாள் முழுக்கப் பேச்சுத்தான். ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. கூட வேலை பார்ப்பவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. கணவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும். மதியம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு மிக்சி ஓடுவதுதான் கேட்கும்.

இரண்டாவது வருடம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு டிக்கெட் வந்தது. விற்பவள் பெயர் ரஹ்மத் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழுகைக்குத் தலையில் போடும் மக்கனாவைத் தைத்து, ஓரத்தில் பூவேலை செய்து விற்கிறாள். வாப்பா வளைகுடாவில். உம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். வெளியூரில் வாங்கிய ஒருவர், பார்சலுக்குள் கிழிந்த பழைய துணி இருந்ததாகப் புகார் கொடுத்திருந்தார். ரஹ்மத் பேக்கிங் செய்யும்போது எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தாள். அதை மூன்று முறை பார்த்தேன். புதுத் துணி, லேபிளில் அதே ஆர்டர் நம்பர். மனநிறைவோடு ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பினேன்.

நடுவர் முன் போக அடையாள அட்டை கொடுக்க வேண்டும். ஆதாரை ஏற்றினாள். பதினேழு வயது நாலு மாதம்.

நியாயம் கேட்டு வந்ததால்தான் அவள் வயது வெளியே வந்தது. சும்மா இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அன்றைக்கே அவள் கணக்கை மூடினார்கள். கம்பெனி குடோனில் இருந்த முப்பது உருப்படிகளையும் நிறுத்தி வைத்தார்கள். வயதை மறைத்தால் சரக்கு திரும்பக் கிடையாது என்று நிபந்தனையில் ஒரு பிரிவு இருந்தது.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். அழவில்லை.

"பதினெட்டு முடிஞ்சிட்டான்னு கேட்டுச்சு மேடம். டிக் போடலைன்னா உள்ளயே விடமாட்டேங்கு. போட்டது என் தப்புதான். ஆனா பழைய துணிய நான் அனுப்பல. அது வேற, இது வேறதானே?"

விதிப்படி என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். பிறகு பைய கேட்டாள்: "நீங்க அந்த வீடியோவப் பாத்தீங்கள்லா? நான் சொல்லுதத நீங்க நம்புதீங்களா?"

எல்லா அழைப்பும் பதிவாகும். யார் பக்கமும் பேசக் கூடாது. "முடிவு மெயிலில் வரும்" என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

சென்னையில் இருந்த என் மேலாளரிடம் பேசினேன். "மைனர் போட்ட அக்ரிமெண்ட் செல்லாது. அப்புறம் ஆர்பிட்ரேஷன் எங்கேருந்து வரும்? க்ளோஸ் பண்ணுங்க" என்றார்.

வக்கீல் ஆபீஸில் இருந்த பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "அக்ரிமெண்டே செல்லாதுன்னா, சரக்கப் பிடிச்சு வைக்கச் சொல்லுத பிரிவு மட்டும் எப்படி சார் செல்லும்?"

அது நம் வேலை இல்லை என்றார். அதே கேள்வியை அரைப் பக்கம் எழுதி லீகல் பிரிவுக்கு அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: சரக்கைத் தாயாரிடம் ஒப்படைக்கவும். முப்பது உருப்படியும் போய்ச் சேர்ந்ததைத் திரையில் பார்த்தேன். கணக்கு மூடியது மூடியதுதான். பழைய துணிப் புகாரை யாரும் விசாரிக்கவில்லை. அவள் பெயரில் அது அப்படியே நின்றது.

டிக்கெட்டில் வருபவர்களை வேலைக்கு வெளியே தொடர்புகொள்வதற்குத் தடை. ஆனால் டிக்கெட்டில் முகவரி இருந்ததே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேலப்பாளையம் போனேன். தெருமுனை வரைக்கும் நடந்தேன். உள்ளே ஏதோ ஒரு வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீடா, வேறு வீடா, தெரியவில்லை. யார் என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது என்றும் தெரியவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருடம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். கம்பெனி தனக்குச் சாதகமாகச் சொல்லும் காரணம் எதிராளிக்கும் உதவுகிறதா என்று பாருங்கள். அதை நான் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் அந்தப் பெண் என்னிடம் சரக்கைக் கேட்கவே இல்லை. நம்புகிறீர்களா என்றுதான் கேட்டாள். நான் நம்பினேன். சொல்லவில்லை.