எத்தனை தடவை போச்சு?

புதன்கிழமை சாயங்காலம் ஆனால் என் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க மாட்டார்கள். போனைக் காதில் வைத்ததும் என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி அப்படி. "இந்த வாரம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போச்சு? ரத்தம் இருந்துச்சா? தண்ணியாவா, கெட்டியாவா?" என் வீட்டுக்காரர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். "எம்.எஸ்ஸி படிச்சிட்டு ஊரான் வீட்டு கக்கூஸ் கணக்கு எழுதறா பாரு" என்பார். எனக்கு வாய் ஜாஸ்தி. "அந்தக் கணக்குலதான் உங்களுக்கு காபியே வருது" என்று திருப்பிக் கொடுப்பேன்.

வேலூரில் ஒரு சின்னக் குடல் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. ஊர் பேர் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி இல்லை. இது ஒரு மாடிக் கட்டடம், கீழே மருந்துக்கடை, அவ்வளவுதான். அங்கே பெருங்குடல் புண் நோய்க்கு ஒரு மாத்திரையைப் பரிசோதிக்கும் ஆய்வு நடந்தது. குடலின் உள்தோல் புண்ணாகி, ரத்தமும் சளியுமாக நாளெல்லாம் போய்க்கொண்டே இருக்கும் வியாதி அது. ஆய்வில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு கொடுப்போம். எத்தனை தடவை, ரத்தம் எவ்வளவு என்று தினமும் அவர்கள் எழுத வேண்டும். எட்டாவது வாரம் அந்த எண்ணிக்கை இறங்கியிருந்தால் மருந்து கேட்டது என்று அர்த்தம், அதையே தொடர்வார்கள். இறங்கவில்லை என்றால் ஆய்விலிருந்து எடுத்துவிட்டு இன்னும் பலமான ஊசியை ஆரம்பிப்பார்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது பதினாறாவது வாரத்தில்தான். அதுவரைக்கும் நோட்டு சொல்வதுதான் எங்களுக்கு வேதம்.

அந்தப் பெண் விரிஞ்சிபுரம் பக்கத்திலிருந்து அவள் அம்மாவோடு வந்தாள். அம்மாவுக்குக் கழனி வேலை. மகள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வயது இருபத்தாறு. எந்நேரமும் கக்கூஸிலேயே இருக்கிறாள் என்று மாமியார் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அம்மாதான் அழுதாள். மகள் என் மேஜை மேலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் அவள் நோட்டில் பன்னிரண்டு, பதினான்கு, பன்னிரண்டு என்று இருந்தது. நான்காவது வாரம் ஐந்துக்கு வந்தது. நேரில் வரவேண்டிய நாளில் போன் செய்து, "லீவு தர மாட்டேன்றாங்க கா, ஆர்டர் இருக்குதாம். இன்னா பண்றது?" என்றாள். பாவம், ஒரு நாள் வேலை போய்விடுமே என்று நான் இரக்கப்பட்டேன். அவசரத்துக்குப் போனில் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று எங்கள் விதியில் ஓர் இடம் உண்டு. எடை எழுத வேண்டிய கட்டத்தில் 'தொலைபேசி' என்று எழுதினேன். பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

எட்டாவது வாரமும் போன்தான். "ரெண்டு கா. செவ்வாக்கெழம ஒண்ணுதான்."

"ரத்தம்?"

"லேசா."

"அடிப் பாவி, சூப்பர்டி! நீதான் என்னோட ஃபர்ஸ்ட் ரேங்க்" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். சன்னமான சிரிப்பு. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காத்திருக்கும் அறையில் இருந்தவர்களிடமெல்லாம் அவள் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமை பீற்றினேன். ஒழுங்காக மாத்திரை போட்டால் இப்படித்தான் ஆகும், நீங்களும் இருக்கிறீர்களே என்று ஒருத்தரைத் திட்டக்கூடச் செய்தேன். டாக்டர் மட்டும், "நேர்ல பாக்கலையா நீங்க?" என்று கேட்டார்.

"குரலக் கேட்டாலே தெரியுது சார், நல்லா இருக்கா" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். என் வாயைத் தைத்து வைத்திருக்கலாம்.

பதினோராவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை, ஷேர் ஆட்டோவிலிருந்து அந்த அம்மா ஒருத்தியைத் தாங்கி இறக்கினாள். எனக்கு அம்மாவைத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் இருந்தது யார் என்று ஒரு நிமிஷம் விளங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கை இரண்டும் குச்சியாக, வயிறு மட்டும் உப்பி விறைத்திருந்தது. டாக்டர் வயிற்றில் கை வைத்ததும் அவர் முகம் மாறியது. படம் எடுத்தார்கள். குடல் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது. உடனே ஆபரேஷன் என்றார். "நோட்டு எங்க? ரெண்டு தடவதான போய்ட்டிருந்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்று இப்போது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் மேல்தான் வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி ஏறிக்கொண்டிருந்தவளின் கட்டிலருகே நின்று, "நோட்டுல பொய் எழுதினியா? இத்தனை நாள் என்னை ஏமாத்தினியா?" என்று கேட்டேன். அந்த நிலையில் கிடந்த பெண்ணிடம் கேட்டேன். மனுஷி செய்கிற காரியமா அது?

அவளுக்குக் கோபம் வரவில்லை. "பொய் இல்ல கா. ரெண்டுதான் போச்சு. சாப்ட்டாதானே போவும்?"

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் லைனில் நாற்பது பெண்கள். கக்கூஸுக்குப் போக ஒரே ஓர் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். இவள் போனால் இவள் மிஷின் முன்னால் தோல் குவிந்துவிடும், லைனே நிற்கும். "மறுபடியுமா? பேஜாரா போச்சுடி உன்னோட" என்பார்களாம். கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் டார்கெட் இருக்கிறது. ஆய்வில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு கிருத்திகைக்கு விரதம் இருந்தாள். அன்றைக்கு லைனில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. மறுநாளும் சாப்பிடாமல் போனாள். அதற்கு மறுநாளும். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றைப் பக்கத்து மிஷின்காரிக்குக் கொடுத்துவிட்டுக் காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி, அதோடு சரி.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க கேக்கல கா. எண்ணிக்க கம்மியானா சந்தோஷப்பட்டீங்க. எனக்கும் நல்லாருந்துச்சு."

உண்மை, நான் கேட்கவில்லை. பால்காரரிடம் கேட்பேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்பேன், ராங் நம்பர் ஆளிடம்கூடக் கேட்கிற ஊர் இது, சாப்பிட்டாச்சா என்று. பதினோரு வாரம் ஒரு வயிற்று நோயாளியோடு போனில் பேசியும் அதை மட்டும் கேட்கவில்லை. ஃபாரத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டால் பதிலைத் தூண்டுவதாக ஆகிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நல்ல பிள்ளையாக அதைக் கடைப்பிடித்தேன்.

வயிற்றைத் திறந்தபோது குடலில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தது. எடுத்தார்கள், கழுவினார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். அம்மா வெளியே டீ வாங்கப் போயிருந்த நேரம். திரும்பி வந்தவளிடம் நான்தான் சொன்னேன்.

இறப்புக்குத் தனி ஃபாரம் உண்டு, அன்றே அனுப்பினோம். அவள் சாப்பிடாமல் இருந்ததை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதி நான் இணைத்தேன். எட்டாவது வார முடிவை மாற்றச் சொல்லி டாக்டரிடம் சண்டை போட்டேன். அவரும் கலங்கித்தான் இருந்தார். "அது அன்னிக்கு எடுத்த முடிவும்மா. விதிப்படி அதைத் தொட முடியாது. உங்க குறிப்பு கூட இருக்கும்" என்றார். கூட இருக்கும், கூட்டலில் சேராது. எத்தனையோ பேரை ஒன்றாகச் சேர்த்து முடிவு சொல்லும்போது யார் அந்தப் பக்கத்தைப் புரட்டப்போகிறார்கள்?

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த அம்மா தனியாக வந்தாள். மகள் எழுதிய நோட்டு வீட்டிலேயே இருந்ததாம், பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். படிக்கத் தெரியாதவள். முதல் பக்கத்தைத் திறந்து, மகளின் எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"இத வச்சி நாளைக்கி வேற பொண்ணுங்களுக்கு வைத்தியம் பாப்பீங்களாமே. எம்பொண்ணுக்கு இன்னா ஆச்சின்னு இதப் பாத்தா அவுங்களுக்குத் தெரிஞ்சிடுமா மா?"

"தெரியும்மா" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். கம்ப்யூட்டரில் அவள் மகளின் ஆய்வு எண்ணுக்கு நேராக 'மருந்து கேட்டது' என்று இருந்தது. ஏற்றியது நான்தான்.