முள்ளங்கிக்கு ஒரு தாடி

வாக்குவம் கிளீனரை ஓடவிட்ட பிறகுதான் நோலீன் பூனைக்குட்டிகளுக்குத் தட்டு வைப்பார். அது பாட்டுக்கு உறும, பக்கத்திலேயே மூன்றும் மூக்கு முங்கத் தின்னும். அடுத்து குடையைப் படாரென்று விரிப்பார். சின்ன வயதிலேயே உலகத்தின் சத்தங்களைப் பழக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுளுக்கும் அலமாரிக்குப் பின்னால்தான் குடித்தனம் என்பது அவர் கட்சி.

நோலீன் எங்கள் ஊரான ஓமரூவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வசந்தம் வந்தால் தாயில்லாத குட்டிகளைக் காப்பகத்திலிருந்து வாங்கி வளர்த்து, வீடு பார்த்து அனுப்புவார். தினமும் மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்ப்பார். எடை ஏறாத குட்டியை, பின்சீட்டில் கலாட்டா செய்யும் பையனை முறைப்பதுபோல முறைப்பார். காய்கறிப் பெயர்தான் வைப்பார்.

"செல்லப் பேரு வெச்சா பாசம் ஒட்டிக்கும், கிரெய்க். காய்கறின்னா வந்துச்சா, போச்சான்னு இருக்கலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் சொல்லும்போதே பீட்ரூட்டின் நெற்றியில் முத்தம் வைத்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தடவை கேரட்டும் பீட்ரூட்டும் கொழுகொழுவென்று வளர்ந்து, ஆளைக் கண்டால் மேலே ஏறுகின்றன. முள்ளங்கியும் எடையில் குறைவில்லை. ஆனால் ஆண்களைக் கண்டால் சோபாவுக்கு அடியில் போய்விடும். அதைக் கேட்டிருப்பவரோ ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர், மார்புவரை தாடி. சனிக்கிழமை பார்க்க வருகிறார். அன்றைக்கும் ஒளிந்துகொண்டால் வேறு குட்டியைத் தேடிப் போய்விடுவார்.

எங்கள் தெருவில் தாடி வைத்த பாவி நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை மாலை நோலீன் வேலியருகே வந்து நின்றார்.

"நாளைக்குத் தாடிய எடுக்கப் போறியாமே? உன் பொண்டாட்டி சொன்னா."

ஆமாம் என்றேன்.

"அப்ப இன்னிக்கே வந்து படு."

அவர் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். பேசக் கூடாது, குட்டியைப் பார்க்கக் கூடாது, தும்மக் கூடாது என்று உத்தரவு. தாடியில் கோழிச்சாற்றைத் தடவிவிட்டார். கேரட் என் வயிற்றில் குத்துச்சண்டை பழகியது. பீட்ரூட் காதைச் சப்பியது. சோபாவுக்கு அடியில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

இடுப்பு விறைத்து, போதுமடா சாமி என்று எழப்போனபோது என் மோவாயில் ஈரமாக ஒரு சின்ன மூக்கு பட்டது. முள்ளங்கி முகர்ந்தது, நக்கியது, முன்னங்கால்களால் தாடியைப் பிசைந்தது, அதிலேயே தலையைப் புதைத்துத் தூங்கிப்போனது. சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நோலீன், வீட்டுல சாப்பாட்டுக்குக் காத்துட்டிருப்பாங்க" என்று உதடு அசையாமல் முணுமுணுத்தேன்.

அவர் கொத்துக்கறியையும் உருளைக்கிழங்கு மசியலையும் ஒரு தட்டில் கொண்டுவந்து, என் தலைமாட்டில் மண்டியிட்டு, நன்றாகக் குழைத்து, ஊதி ஆற்றி, குட்டிகளின் கரண்டியால் எனக்கு ஊட்ட ஆரம்பித்தார்.