இழுக்காத கார்டு

என் தங்கை ஷமீனாவின் வீட்டுக்காரர் சிக்கந்தர், பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் பம்பு மோட்டார் விற்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் கரண்டு என்று காதில் விழுந்தால் புத்தி பேதலித்துவிடும். டாங் டெஸ்டர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார். வயரைக் கவ்விப் பிடித்து, எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று காட்டும். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் ஃபிரிட்ஜில் அதை மாட்டி, "ரொம்ப இழுக்குதுங்களே" என்று என் அத்தாவிடம் குறைப்பட்டுக்கொண்டவர்.

ஷமீனா கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறாள். கம்ப்யூட்டர் பழையது, திணறியது. கஞ்சிக்கோட்டு ஸ்டூடியோக்காரர் ஜோஜோ கறாராகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை கல்யாண வரவேற்பில் வீடியோ ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் இனி வேலையே கிடையாது. வீடியோ வேலையை வேகமாக்க உடனே ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. மச்சான் கிளம்பினார். துணைக்கு நான்.

கோயமுத்தூர்க் கடையில் பழைய கார்டு இரண்டு இருந்தன. ஒன்று இருநூறு வாட் தின்னும், ஆனால் வேலையில் புலி என்றார் கடைக்காரர்.

"வேலைய உடுங்க, எது கம்மியா இழுக்கும்?" என்று மச்சான் கார்டுகளைக் கடைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஓட்டச் சொல்லி, வயரில் ஓர் இழையைப் பிரித்து டெஸ்டரை மாட்டினார். முதல் கார்டுக்கு எண் எகிறியது. இரண்டாவதுக்கு அசையவே இல்லை. விசிறி மட்டும் அழகாகச் சுற்றியது. "இதுதானுங்க சாமான்!" என்றார். நெடுநாள் விற்காத சரக்கைத் தள்ளிவிட்ட சந்தோஷம் கடைக்காரர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் பழையபடியே ஊர்ந்தது. மச்சானோ டெஸ்டரைக் காட்டி அக்கம்பக்கத்தாரிடம் பெருமையடித்தார். சனிக்கிழமை மதியம் பாதி வீடியோகூட முடியவில்லை.

"ஏனுங்க, கெணத்துல தண்ணியில்லாம மோட்டார் ஓடுனா எவ்வளவு இழுக்கும்?" என்று ஷமீனா கேட்டாள்.

"கம்மியாத்தான் இழுக்கும். வேலையில்லாம சும்மாதான சுத்துது..." மச்சான் கையிலிருந்த டெஸ்டரைக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கார்டு செத்துக் கெடக்குதுங்க. எம் பொழப்பும் போகப் போகுது." அவள் அழுதுவிட்டாள்.

மச்சான் பறந்து போய், சாயங்காலத்துக்குள் அந்த இருநூறு வாட்டை வாங்கி வந்தார். வேலை மளமளவென்று ஓடியது. ஆனால் தோட்டங்களில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரம் அது. வோல்டேஜ் விழுந்து கம்ப்யூட்டர் அணைந்தது. போட்டால் மறுபடி அணைந்தது.

மோட்டார் விற்கும் மனிதர், ஸ்கூட்டரில் தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். "ஊட்ல கல்யாணம் ஓடிட்டிருக்குதுங்க, கொஞ்சம் நிறுத்துங்க!"

"யாருக்குங்க கல்யாணம்?" என்றார் அழகுமலைக் கவுண்டர்.

"யாருக்கோங்க!"

பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்தே பலர் நிறுத்தினார்கள். வீட்டுக்கு ஓடிவந்த மச்சான் டெஸ்டரை மாட்டி, மண்டியிட்டு உட்கார்ந்து, "இழு தங்கம், இன்னும் இழு" என்று கார்டைக் கொஞ்சினார்.

ஞாயிறன்று மேடையில் வீடியோ ஓடியது. அடுத்த மூன்று கல்யாணமும் ஷமீனாவுக்குத்தான் என்று ஜோஜோ சொல்லிவிட்டார். மச்சான் அந்த முகூர்த்தத் தேதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவற்றை ஒட்டி எந்தெந்த நாளில் மோட்டார் போடக் கூடாது என்று ஊருக்குச் சொல்லக் கிளம்பினார்.