புகைபோக்கியை அடைத்த வீடு

அஸெனோருக்கு ஊரில் பட்டப்பெயர் மகாராணி. மத்தி டப்பா ஆலையில் மீன் தலை கிள்ளிக் காலம் தள்ளியவள், கடலோரக் கல்வீட்டை விடுமுறைக்காரர்களுக்கு விட ஆரம்பித்ததும் கிடைத்த பட்டம். விடுமுறை மாதங்களில் மகாராணி குடியிருந்ததோ வீட்டின் பின்பக்கக் கொட்டகையில். கோடையில் வரும் பாரிஸ்காரர்களின் வாடகையில்தான் வருடம் ஓடியது.

புருஷன் குல்வென் படகோடு போனவன். படகின் பலகை கரை ஒதுங்கியது; அவன் ஒதுங்கவில்லை. கல்லறையில் அவனுக்கு இடமில்லை. கணப்புக்குப் பக்கத்துப் பெஞ்சுதான் அவன் இடம். இறந்தோர் நாளுக்கு முந்தின ராத்திரி அந்தப் பக்கத்து வீடுகளில் கணப்பை அணைப்பதில்லை. மேஜையில் அப்பமும் ஆப்பிள் கள்ளும் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். செத்தவர்கள் புகைபோக்கி வழியே இறங்கிக் குளிர்காய்வார்கள். வெயில் ஏறியதும் அதே வழியில் போவார்கள். அதுவரை யாரும் துடைப்பத்தைக்கூடத் தொடமாட்டார்கள்.

இந்த வருடம் புதுச் சட்டம் வந்தது. விடுமுறைக்கு வீடு விடுகிறவர்கள், வீடு எவ்வளவு சூட்டை வீணாக்குகிறது என்று அளந்து சான்றிதழ் வாங்க வேண்டும். ‘ஏ’யில் தொடங்கி ‘ஜி’ வரை எழுத்து. ‘ஈ’க்குக் கீழே போனால் அனுமதி கிடையாது. அளக்க வந்த மாலோ என்ற இளைஞன் ‘ஜி’ என்று உதட்டைப் பிதுக்கினான்.

“பாதிச் சூடு இந்தப் புகைபோக்கி வழியா மேல போகுதும்மா. கடவுளுக்குக் குளிர்காயக் குடுக்கிறீங்க.”

“அவருக்கும் வயசாச்சுல்ல தம்பி.”

“கணப்பை அடைச்சு, பரணுக்குப் பஞ்சு போடுங்க. ஈ வந்துடும்.”

அடைக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். இறந்தோர் நாள் கழிந்து வரச் சொல்லிக் கொத்தனார் துதாலிடம் பேசி வைத்தாள். அவனோ இறந்தோர் நாளன்று காலையிலேயே, வெளிச்சம் வருமுன், செங்கல்லோடு வந்து நின்றான். வேறு வேலை ஒன்று தள்ளிப் போயிருந்தது.

“வெயில் வரட்டும்டா,” என்றாள்.

“நவம்பர்ல வெயிலா? அப்ப ஈஸ்டருக்கு வரேன், மகாராணி.”

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே தணலை வாளியில் அள்ளினாள். மூடுபனி விலகுவதற்குள் செங்கல் சுவர் எழும்பிவிட்டது. மேஜையில் கள் பாதிதான் இருந்தது.

“நீ குடிச்சியா?”

“நான் குடிச்சா மீதி வைப்பேனா?”

அன்றிலிருந்து ஹீட்டர் எரிந்தும் பெஞ்சு மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. துடைக்கத் துடைக்க ஈரம் பூத்தது. அறையில் கடற்பாசி நாறியது.

பரணுக்கும் பஞ்சு போட்டாயிற்று. மாத முடிவில் ஒரு மத்தியானம் மாலோ திரும்பி வந்தான். சூட்டை நிறமாகக் காட்டும் கேமராவை அறையைச் சுற்றித் திருப்பினான். சுவரெல்லாம் நல்ல மஞ்சள். பெஞ்சுக்கு வந்ததும் கை நின்றது. திரையில் நீலமாக ஒரு முதுகு. குனிந்த தலை. கேமராவைத் தாழ்த்திப் பார்த்தான், வெறும் பெஞ்சு.

“இங்க தண்ணிக் குழாய் போகுதாம்மா?”

“போகலை.”

திரையில் நீலக் கை ஒன்று மெல்ல நீண்டு செங்கல் சுவரைத் தடவியது. அஸெனோரும் எட்டிப் பார்த்தாள். வெயில் வருமுன் அடைத்தோம். வந்தவன் போயிருக்கவில்லை.

மாலோ அவசரமாகப் பையைத் தேடினான். “கணக்குல இதெல்லாம் வராதும்மா. சுவர், ஜன்னல், பரண்தான். ஈ போட்டுடறேன்.”

“அடைப்பை எடுத்துட்டா?”

“எஃப். வாடகைக்கு விட முடியாது. யோசிச்சுக்கோங்க.”

அவள் கொட்டகைக்குப் போய்ச் சுத்தியலோடு திரும்பினாள்.

“எஃப்னே போடு.”

செங்கல் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தது. புகைபோக்கி ஊளையிட்டது, கரி பறந்து இருவர் முகத்திலும் அப்பியது. அவள் பெஞ்சைப் பார்க்காமலே சொன்னாள். “வழி இருக்கு. புறப்படு.”

காற்று அடங்கும்வரை நின்றாள். பிறகு கேட்டாள். “போயாச்சா?”

மாலோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லம்மா. கொஞ்சம் நகர்ந்து உக்காந்திருக்கு. பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விட்டு.”

அஸெனோர் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

“வாசல்ல விறகு இருக்கு, எடுத்துட்டு வா தம்பி. நனைஞ்சு போய் உக்காந்திருக்கான்.”