மெஷின்காரர் வீட்டுக் கைக்குழந்தை

மதலைமுத்து மினி லாரி ஓட்டுகிறவர். காரிமங்கலம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போவது தொழில். ஆனால் எங்கள் தெருவில் அவருக்குப் பேர் மெஷின்காரர். மூத்தவன் இனிகோவுக்கு வீசிங் வந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்து, மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மெஷின் ஒன்று வாங்கினார். அவனுக்கு அது கேட்டது. அதோடு விட்டாரா மனிதர்? யார் வீட்டுப் பிள்ளை இருமினாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாவாட்ட கிரைண்டர் இரவல் போவதுபோல அது வீடு வீடாகப் போய்வந்தது. மூக்குமூடியில் வெள்ளையாகப் புகை கிளம்பியதும் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், எனக்கு எரிச்சலாக இருக்கும். இரவல் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி என்பது வேறு கதை.

மார்கழிக் குளிரில் அவருடைய கடைக்குட்டி ஜோஸ்வினுக்குச் சளி பிடித்தது. இன்னும் குப்புற விழாத கைக்குழந்தை. நெஞ்சு குழி விழுந்து மூச்சு வாங்கியது. மெஷின் வைத்தார். கேட்கவில்லை. மறுபடியும் வைத்தார். அவர் மனைவி இசபெல்லா குழந்தையின் முதுகைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனாள். மார்பில் வாய் வைத்த பிள்ளை, உறிஞ்ச முடியாமல் விட்டுவிட்டு அழுதது.

"காத்தால இருந்து ஒரு வாய் பால் எறங்கலீங்க. அதை ஓரமா வெச்சிட்டு வண்டியை எடுங்க," என்றாள்.

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் ஏறிக்கொண்டேன். மெஷினும் வந்தது.

இனிகோவுக்கு மெஷின் கேட்ட கதையை மதலைமுத்து சொல்ல, டாக்டர் அம்பிகா குழந்தையின் ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை என்றார்.

"நெஞ்சுக்குள்ள சின்னச் சின்னக் குழாயெல்லாம் வைரஸால வீங்கியிருக்குங்க. பெரியவனுக்குக் கேட்ட மருந்து இதுக்குப் பெரும்பாலும் கேக்காது. முதுகைத் தட்டுறதும் வேண்டாம்."

"அப்ப ஒண்ணுமே செய்ய மாட்டீங்களா மேடம்?" மதலைமுத்து மெஷின் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மூக்கைப் பாருங்க, அடைச்சுக் கெடக்கு. கைக்கொழந்தை மூக்காலதான் மூச்சு விடும். அது அடைச்சா எப்பிடிப் பால் குடிக்கும்?"

நர்ஸ் ஆக்சிலியா உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, சளியை மெதுவாக உறிஞ்சி எடுத்தாள். ஜோஸ்வின் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியது. பிறகு இசபெல்லா எடுத்து அணைத்தாள். நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் இறங்கியது. மதலைமுத்து மெஷின் பையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வார்டில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கச் சொல்லி, தேறியபின் அனுப்பினார்கள்.

ஜோஸ்வின் வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் எதிர்வீட்டுப் பாஞ்சாலி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மதலைமுத்து சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மெஷினைக் கொஞ்சம் குடுங்க. பாப்பாவுக்கு இழுக்குது."

அவர் குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார்.

"பால் குடிக்குதாம்மா?"

"ராத்திரியில இருந்தே குடிக்கலீங்கண்ணா."

மனிதர் லாரிக் கதவைத் திறந்தார். "வண்டியில ஏறும்மா," என்றார். அன்றைக்குச் சந்தைக்குப் போக வேண்டிய தக்காளி, தர்மபுரி ஆஸ்பத்திரி வாசலில் வெயில் காய்ந்தது.